கவிழ்க்காத பெயர் அட்டை

தொண்டு நிறுவனக்காரர்களை பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய எம்.பி.க்களோடு பேசவைக்கும் ஃபெலோஷிப்பின் கடைசிக் கூட்டம் அது. குழுப்படம் என்றதும் பெலருஸ்காரர்கள் நாங்கள் வழக்கம்போல் சுவரோரம் ஒதுங்கினோம். முகம் தெரிந்தால் ஊரில் சிறை. என் கணவன் அந்தோஸ் என் வாஃபிளைப் பிடுங்கித் தின்றான்.

"திருடா, எனக்கு வைடா!"

"ஜெயில்ல இதெல்லாம் கிடைக்காதுடி."

"வாயை மூடு, பயமா இருக்கு."

மறுநாள், படுக்கையிலிருந்த தன் அம்மாவைப் பார்க்க ஊருக்கு, மின்ஸ்குக்கு பஸ் ஏறினான். அவன் எல்லையை நெருங்கும்போதுதான் ஓர் எம்.பி.யின் இணையப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். எங்கள் முகங்கள் இல்லை. காலி நாற்காலிக்கு முன்னால் அவன் பெயர் அட்டை நின்றது. கவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை. உடனே அவனை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எல்லையில் பிடிபட்டவன், சிறையிலேயே இறந்துபோனான்.

அந்தப் படத்தில் அட்டை இன்னும் நிற்கிறது.