மிம்பாவின் மகளுக்கு என்ன வயது?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. பக்கத்து வீட்டு இசில்டா கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சிய சோரல் பானத்தைக் கொடுக்க வந்தவள், நான் எழுதிக்கொண்டிருந்ததைத் தோள்வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது.

"என்ன சார், மறுபடியும் அடிமைங்க கலகமா? தீ வச்ச கதைதானே?"

"ஆமா."

"எல்லாரும் தீ வச்சவங்களையே எழுதுறீங்க. மொதல்ல போட்ட திட்டம் என்ன? கிறிஸ்துமஸ் லீவு முடிஞ்சா வேலைக்குப் போகக் கூடாது, கூலி தர்றேன்னு சொல்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கணும். அவ்ளோதானே? சொன்ன மாதிரியே உட்கார்ந்தவ ஒருத்திகூடவா இல்ல?"

போய்விட்டாள். ஜமைக்காவில் மாண்டிகோ பே நகரத்துக்கு மேலே இந்தச் சரிவில் எங்கள் இரண்டு வீடுகள்தான். மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகள் டொராண்டோவில் இருக்கிறார்கள். கலகத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பற்றி நன்றாகத் தெரியும். அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'மலையுச்சியில் கரும்புச் சக்கைக் கொட்டகை பற்றி எரிந்தபோது வானமெல்லாம்—'

வேண்டாம். வானத்தை விட்டுவிடுவோம்.

இரண்டாவது: '1831. விடுமுறை முடிந்த காலை. ஜமைக்காவின் ஓர் எஸ்டேட்டில் மிம்பா என்பவள் வேலைச் சங்குக்காகக் காத்திருந்தாள். ஊதினாலும் எழுந்திருப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தாள். சங்கு ஊதவில்லை.'

இது இருக்கட்டும். முந்தின மாலையே மலையில் தீ எரிந்துவிட்டது. துரை டவுனுக்கு ஓடிவிட்டான், சங்கு ஊதும் கங்காணி கலகக்காரர்களோடு காட்டுக்குப் போய்விட்டான். வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்லக் காத்திருந்தவளை வேலைக்குக் கூப்பிட ஆளே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

(எஸ்டேட்டுக்குப் பெயர் வைக்கவில்லை. துரைக்கும் வைக்கவில்லை. வேண்டுமென்றேதான்.)

3

மிம்பாவின் தம்பி குவாக்கு மூச்சிரைக்க வருகிறான்.

"அக்கா! இன்னும் இங்க என்ன பண்ற? எல்லாரும் மேல போயாச்சு."

"உட்கார்ந்திருக்கேன். பைபிளுக்கு முத்தம் குடுத்துச் சொன்னோம்ல? வேலைக்குப் போக மாட்டோம், யாரையும் அடிக்க மாட்டோம், உட்கார்ந்திருப்போம்னு."

"அது நேத்தோட போச்சு. தீ வச்சாச்சு."

"சத்தியம் வாங்குன தலைவரு வந்து எந்திரின்னு சொல்லட்டும். எந்திரிக்கிறேன்."

"அவரு துப்பாக்கியோட காட்டுல நிக்கிறாரு. உன்னை எழுப்பவா வருவாரு, மகாராணி?"

"அப்ப வர்ற வரைக்கும் இருக்கேன்."

"இரு இரு. பட்டாளத்துக்காரன் வந்து நாற்காலி போட்டு மரியாதை பண்ணுவான்."

4

இங்கேதான் சிக்கினேன். மிம்பாவுக்கு ஒரு மகள் உண்டு, பெனெபா. வயது ஐந்து என்று எழுதியிருந்தேன். இசில்டாவுக்குப் படித்துக் காட்டியதும் சீறினாள்.

"புள்ளைய வச்சுக்கிட்டு எந்தத் தாய் சார் சத்தியம் கித்தியம்னு உட்கார்ந்திருப்பா? உங்க கதைக்குத் தோதா அவள உட்கார வைக்காதீங்க."

நியாயம்தான். அதனால் அவள் போக முடியாததற்கு ஒரு காரணம் தேடினேன். ஐந்தை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன். ஒரே ஓர் எண். குவாக்குவின் பேச்சு அடியோடு மாறியது.

"இதத் தூக்கிட்டு வர முடியாதுக்கா. அழுதுச்சுன்னா எல்லாரும் மாட்டிக்குவோம்."

"தெரியும்டா. நீ போ."

போனான். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான் என்று எழுதி, அடித்துவிட்டேன். பார்த்திருந்தால் போயிருக்க மாட்டான்.

[அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: கலகத்தைச் சுட்டும் தூக்கிலிட்டும் அடக்கினார்கள். அந்தச் சேதி கப்பலேறி லண்டன் போனது. இனிமேல் இவர்களை அடக்கி வைத்திருக்க முடியாது என்ற பயம் வந்தபின்தான் அங்கே இழுத்தடித்துக்கொண்டிருந்த அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1834 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. ஆனால் அன்றே விடுதலையானவர்கள் ஆறு வயது நிரம்பாத குழந்தைகள் மட்டும். மற்றவர்களுக்குத் 'தொழில் பழகுபவர்கள்' என்று பெயர் சூட்டி, அதே துரையிடம் மேலும் சில வருடம் கட்டிப்போட்டார்கள்.]

கணக்கு உங்களுக்கே புரிந்திருக்கும்.

5

பெனெபாவுக்கு ஐந்து வயது என்றால்: வாயை மூடு என்றால் மூடிக்கொள்வாள். மூவரும் மலையேறுகிறார்கள். பட்டாளம் வெறும் குடிசையைக் கொளுத்திவிட்டுப் போகிறது. ஒருவேளை பிழைக்கிறார்கள். சட்டம் வரும் நாளில் அவளுக்கு எட்டு வயது இருக்கும். மண்வெட்டியோடு அதே கரும்பு வரிசையில் நிற்பாள்.

இரண்டு என்றால்: மிம்பா குழந்தையோடு குடிசையில் இருக்கிறாள். நான் கலகம் செய்யவில்லை என்று அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுச் சுடுவார்களா, சுட்டுவிட்டுக் கேட்பார்களா தெரியாது. குழந்தை தப்பினால் அந்த ஆகஸ்டில் அவள் சுதந்திர மனுஷி. அவள் கையைப் பிடித்து நடத்திப்போக யார்—

மூன்று? சட்டத்தின் விளிம்பில் நிற்பாள். காட்டிலும் அழுவாள்.

தாங்க முடியாமல் வேலியருகே போய்க் கூப்பிட்டேன்.

"இசில்டா, நீயே சொல்லு. எத்தனை வயசுன்னு வைக்கட்டும்?"

சேனைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"என்னைக் கேக்காதீங்க சார். எனக்கும் புள்ளைங்க இருக்கு."

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

6

ஆகவே உங்களிடம் விடுகிறேன்.

'பெனெபாவுக்கு வயது (      ).'

நிரப்பிக்கொள்ளுங்கள். நீங்கள் போடும் எண்ணைப் பொறுத்து மிம்பா குடிசைக்குள் இருப்பாள், அல்லது காட்டில் ஒரு பாறைக்குப் பின்னால். இரண்டு இடத்திலும் பூட்ஸ் சத்தம் நெருங்கி வருகிறது. அதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை.

கடைசியாக மிம்பாவையே கேட்டுப் பார்த்தேன்.

"எம் புள்ளைக்கு என்ன வயசுன்னு எனக்குத் தெரியும். அத வைக்கிறதுக்கு நீங்க யாரு?" என்றாள்.

எத்தனை என்று கேட்டேன். அவள் உள்ளங்கையால் மகளின் வாயைப் பொத்தினாள், மூக்கை மூடிவிடாமல், பார்த்துப் பார்த்து.