ரெஜிஷாவின் பெயரில்

வக்கீல் குமாரதாஸ் தாளைக் கிளாராவின் பக்கம் திருப்பி வைத்தார். "இந்த வரியைப் பாருங்க. பேரு தெரியுதா?"

பதிவு செய்தவர்: ரெஜிஷா. கிளாரா அதை இரண்டு முறை படித்தாள். ரெஜிஷா அவள் கணவனின் கூடப்பிறந்த தங்கை.

கணவன் ஞானதாசன் குளச்சலில் மீன் ஏலம் எடுத்துவந்தவன். 2011இல் ஒரு காலை ஒன்பது மணிக்கு, நெஞ்சுவலியோடு இருந்தவனைக் கிளாரா நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். டாக்டர் வந்தது பன்னிரண்டு மணிக்கு. மூன்று மணிக்கு, ரெஜிஷா நர்ஸாக இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவில், அவன் இறந்தான்.

கிளாரா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். டாக்டர் ஒன்பதேகாலுக்கே பார்த்துவிட்டார் என்று மருத்துவமனை ஒரு கம்ப்யூட்டர் நகலைத் தாக்கல் செய்தது. அச்சடித்த தாள் போதாது, அது எப்போது எழுதப்பட்டது என்று கம்ப்யூட்டரையே பார்க்க வேண்டும் என்று குமாரதாஸ் மனுப் போட்டார். மற்ற நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடும் என்று எதிர்த்தரப்பு எட்டு மாதம் இழுத்தது. கடைசியில் ஞானதாசனின் பதிவை மட்டும் நகலெடுக்க, நீதிமன்றம் ஒரு வக்கீல் கமிஷனரையும் கம்ப்யூட்டர் நிபுணரையும் அனுப்பியது.

அந்த அறிக்கைதான் இது. டாக்டர் வந்ததாகச் சொன்ன நேரம் கம்ப்யூட்டரில் ஏறியது மறுநாள் மாலை நாலு பன்னிரண்டுக்கு.

கிளாரா நேரே ரெஜிஷாவின் வீட்டுக்குப் போனாள். ரெஜிஷா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, சொந்த அண்ணன் சாவுல பொய் எழுத உனக்கு எப்பிடி மனசு வந்துது?"

ரெஜிஷா ஈரக் கையோடு தாளை வாங்கிப் படித்தாள். "மைனி, நாலு பன்னிரண்டுக்கு நான் கல்லறையில உங்க பக்கத்துலல்லா நின்னேன்!"

கிளாரா திடுக்கிட்டாள். உண்மைதான். பெட்டி குழிக்குள் இறங்கியபோது அவளை விழாமல் பிடித்திருந்தவள் ரெஜிஷா.

சட்டென்று ரெஜிஷாவின் முகம் வெளிறியது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்நேரம் ஒரு போன் வந்துது மைனி. ஆஸ்பத்திரி சூப்பிரண்டு கூப்பிட்டாவ. ஃபைல முடிக்கணும், உன் பாஸ்வேர்டச் சொல்லுன்னாவ. நான் அழுதுட்டே சொல்லிட்டேன். எதுக்குன்னு கேக்கல்ல."

"குழியில மண்ணு போடுத நேரத்துலயா?"

ரெஜிஷா ஆமென்று தலையை ஆட்டினாள். கிளாரா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் ரெஜிஷா கூண்டில் ஏறி அத்தனையும் சொன்னாள். அந்த அழைப்பு வந்த நேரத்தைத் தொலைபேசிக் கம்பெனியின் பட்டியலும் காட்டியது. ஒரே வாரத்தில் அவளுக்கு வேலை போனது. மருத்துவமனை சமரசத்துக்கு ஆள் அனுப்பியது.

"வேண்டாம் சாரே," என்றாள் கிளாரா. "டாக்டர் அந்நேரம் வரல்லன்னு கோர்ட்டு எழுதணும்."

2014இல் நீதிமன்றம் அப்படியே எழுதியது. தீர்ப்பைக் கேட்டு வெளியே வந்ததும் ரெஜிஷா கிளாராவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடக்கம்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டிருக்காவ மைனி," என்றாள். "அந்நேரம் நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்னு தெரிஞ்சுதான்."