பத்து மணி மின்வெட்டும் ஒரு பீட்டாவும்

மின்விசிறி நின்ற பிறகுதான் லிங்கராஜுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. திரை அணையுமுன் கடைசியாகத் தெரிந்த வரி, முழுப் பதிப்பு வெளியாகிவிட்டது என்றது. அவன் வெளியிட உட்கார்ந்தது பீட்டாவை.

பீட்டா என்றால் வெள்ளோட்டம். இணையதளம் கட்டுகிறவர்களுக்கான ஒரு ஃப்ரேம்வொர்க்கை, அதாவது ஆயத்த அடித்தளத்தை, உலகத்தில் அங்கங்கே இருக்கிற கொஞ்சம் பேர் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார்கள். அதில் வெள்ளோட்டப் பதிப்புகளை வெளியிடும் பொறுப்பு, கோவில்பட்டியில் டேலி என்ற கணக்கு மென்பொருளைச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் லிங்கராஜுடையது. துணிந்தவர்கள் பீட்டாவை ஏற்றி, எங்கே உடைகிறது என்று சொல்வார்கள். சரிசெய்த பிறகே முழுப் பதிப்பு. இந்தத் தடவை, தளக்காரர்கள் தாங்களாகச் சேர்த்த விவரங்களைச் சில இடங்களில் புதிய பதிப்பு துடைத்துவிடுவதாக ஒருவர் எழுதியிருந்தார். எதனால் என்று பிடிபடவில்லை. அதைப் பிடிக்கத்தான் இந்த பீட்டாவே.

2008-இல் மின்வெட்டு ஊருக்கு ஊர் முறைவைத்து வந்தது. கோவில்பட்டிக்குக் காலை பத்து மணி. அதற்குள் முடிக்க, நீளக் கட்டளையைப் புதிதாகத் தட்டாமல், மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பழையதைக் கூப்பிட்டுக்கொள்வது அவன் வழக்கம். இன்று ஒரு தட்டு அதிகம். முன்பு ஒரு தடவை வேறொருவருக்குப் பதிலாக முழுப் பதிப்புக்குக் கொடுத்த கட்டளை வந்து நின்றது. பார்க்காமல் அழுத்திவிட்டான். கரண்டோடு ஓட்டப்பந்தயம் வைக்கிறவன் புத்தி இப்படித்தான் போகும்.

யுபிஎஸ் செத்துப் பல மாசம். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரே பிரவுசிங் சென்டர் பூட்டிக் கிடந்தது. பதிப்பைத் திரும்ப எடுக்க அனுமதி உள்ள இன்னொருவர் ஜெர்மனியில் இருந்தார். அங்கே இன்னும் விடியவில்லை. கழுகுமலையில் மத்தியானம்தான் கரண்டு போகும். ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தான்.

மழைக்காக உழுதுபோட்ட கரிசல் இரண்டு பக்கமும் கிடந்தது. பஸ் நிற்கிற ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவனுக்கு அழுகை முட்டியது. இந்நேரம் எங்கோ ஒருவர், பழைய பதிப்பை மாற்றட்டுமா என்ற கேள்விக்குச் சரி என்று அழுத்திக்கொண்டிருப்பார். நம்பித்தானே அழுத்துவார்?

"ஏன் அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கா?" என்றார் கண்டக்டர், அவன் முகத்தைப் பார்த்து.

"இல்ல," என்றான்.

கழுகுமலையில் ராதாமணி பிரவுசிங் சென்டர் நடத்தினாள். தொழில் அவனிடம் படித்தவள். "வாங்க அண்ணாச்சி, என்ன இப்படி மூச்சுவாங்க வாரீங்க?" என்று அவள் கேட்கும்போதே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பக்கம் ஆடி அசைந்து திறந்தது. பதிப்பைத் திரும்ப எடுத்தான். யாரும் ஏற்ற வேண்டாம் என்று முகப்பில் எழுதினான். பிறகுதான் தண்ணீர் கேட்டான்.

"நீ ஒண்ணும் ஏத்தலேல்லம்மா?"

"ஏத்திட்டேனே. வந்த ஒடனே ஏத்திட்டேன். முழுப் பதிப்புன்னா யோசிக்காம ஏத்துன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

ரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களுக்கென்று அவள் அதே ஃப்ரேம்வொர்க்கில் ஒரு தளம் வைத்திருந்தாள். புதூர்ப் பக்கமும் ஓட்டப்பிடாரம் பக்கமும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த ஆட்கள். லிங்கராஜ் அதைத் திறந்தான். பெயர் இருந்தது, ஊர் இருந்தது, ரத்த வகை இருந்தது. ராதாமணி தானாகச் சேர்த்திருந்த போன் நம்பர் கட்டம் மட்டும், மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருந்தது.

"பேக்கப் எடுத்தியா?"

"பீட்டாவுக்குத்தானே எடுக்கச் சொன்னீங்க, அண்ணாச்சி."

அவள் குரலில் குத்தல் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். தளம் இருந்ததோ இலவச சர்வரில். அங்கே நகல் வைக்கிற பழக்கமே கிடையாது. தெரிந்தும் இரண்டு தடவை தேடினான்.

அவளுடைய செல்போன் அடித்தது. எதிர்முனையில் ஓர் ஆண் குரல், அழுதுகொண்டே பேசியது அவனுக்கும் கேட்டது. "தாயி, நான் தங்கச்சாமி. கோயில்பட்டி ஆஸ்பத்திரில இருந்து பேசுதேன். மக பிள்ளபெத்துட்டு ரத்தம் நிக்காமக் கெடக்கா. ஓ நெகட்டிவ் கேக்காவ. இங்கன இல்லங்காவ. உங்கட்ட கேளுன்னாவ."

"தாரேன் அண்ணாச்சி, செத்த இருங்க," என்று வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். ஓ நெகட்டிவ் மூன்று பேர் இருந்தார்கள். முதல் பெயர் எப்போதும்வென்றான் ஊர்க்காரர் சங்கரபாண்டியன். "கூப்பிட்டா ஒடனே வருவாவ. நம்பரு இதுல மட்டும்தான் இருந்துச்சு..." என்றாள். விரலால் வெற்றுக் கட்டத்தைத் தடவினாள். மற்ற இருவரில் ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டவர். இன்னொருவர் தளத்தில் தானாகவே பதிந்தவர், அவர் ஊரை அவள் கேள்விப்பட்டதோடு சரி.

எப்போதும்வென்றானுக்குப் போய் ஆளைத் தேடிக் கூட்டிவர எத்தனை நேரம் ஆகும் என்று லிங்கராஜ் கணக்குப் போட முயன்றான். மனசு நகரவில்லை. "நான்தான் கொன்னுட்டேன்," என்றான்.

"எந்திரிங்க," என்றாள் ராதாமணி. கடையைக்கூடப் பூட்டவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கோவில்பட்டி பஸ் கிளம்ப நின்றது. அவள் படியில் ஏறி நின்று உள்ளே பார்த்துக் கத்தினாள்: "ஓ நெகட்டிவ் யாராவது இருக்கீங்களா? பெத்த பிள்ளைக்காரி ஒருத்தி கெடக்கா! ஓ நெகட்டிவ்!" சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற ஒருத்தி எழுந்து, "எனக்கு என்ன ரத்தம்னு தெரியாது, ஆனா எடுத்துக்கிடச் சொல்லுங்க," என்றாள். பின்னால் சங்கரன்கோவில் பஸ் கிளம்ப உறுமியது. லிங்கராஜ் அதன் முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.