மஞ்சளான மூன்று குழாய்கள்

இரண்டாம் எண் மூடியைத் திருகி எடுத்து ஆறாம் குழாயில் மாட்டினாள் டெய்சி. ஆறாம் மூடி இரண்டுக்குப் போனது. வராந்தாவில் மோகன்குமார் சாரின் செருப்புச் சத்தம். இன்னும் இரண்டு ஜோடி பாக்கி.

எட்டுக் குழாயிலும் சிவப்புச் சாயம் கலந்த சர்க்கரைத் தண்ணீர். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் வயிற்றுப்போக்கு கண்ட எட்டுப் பேரின் கிருமிகள் அதில் வளர்ந்திருந்தன. குடற்சுவரில் ஊறும் அந்தச் சர்க்கரையைத் தின்னும் மரபணு எந்தக் கிருமிக்கு இருக்கிறதோ, அதுதான் ஆளைச் சாய்க்கும் என்பது பானுப்ரியாவின் கணிப்பு. தின்றால் தண்ணீர் மஞ்சளாகும். இல்லையென்றால் சிவப்பாகவே நிற்கும்.

திண்டுக்கல்லில் இந்த ஆய்வுக்கூடத்தில் டெய்சிக்குப் பதினோரு வருடம். பானுப்ரியா வந்து எட்டே மாதம். அதற்குள் சாருக்கு அவள் ‘பானும்மா’. டெய்சி இன்னமும் வெறும் டெய்சி. இன்று கணிப்பு பலித்தால் அவளுக்குப் பெங்களூர் மாநாட்டு மேடை வேறு. நினைக்கவே வயிறு எரிந்தது.

எண்ணை மூடியில் மட்டும் எழுதுவது அங்கே வழக்கம். பழக்கிவிட்டதே டெய்சிதான்.

கடைசி மூடி இறுகவும் சார் நுழையவும் சரியாக இருந்தது. பின்னாலேயே பானுப்ரியா. சார் ஆஸ்பத்திரி உறையைப் பிரித்தார்.

“ரொம்ப மோசமாக் கெடந்தது ரெண்டு, அஞ்சு, ஏழு. மஞ்சள் எது எது?”

“ஒண்ணு, ஆறு, எட்டு சார்.” பானுப்ரியாவின் குரல் இறங்கியது.

“ஒண்ணுகூடப் பொருந்தலையேம்மா. இதோட விட்ருவோம். டெய்சி, எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டுரு.”

கிருமி கொல்லும் அந்தக் கலத்துக்குள் எட்டையும் வைத்துக் கதவை முறுக்கினாள் டெய்சி. ஆவி சீறியது. சார் தலையைத் தொங்கப்போட்டபடி வெளியேறினார்.

“விடு பானு. வந்த எட்டு மாசத்துல அம்புட்டும் வாச்சிருமா?”

“எனக்கென்னக்கா. உங்களை நெனச்சாத்தான் மனசு ஆறல.”

“எனக்கா? எனக்கென்னடி வந்துச்சு?”

“பெங்களூர் மேடையில ஏற இருந்தது நீங்கதான். என் கணிப்பே உங்க குறிப்புலேர்ந்து எடுத்தது. பலிக்கிற வரைக்கும் சொல்ல வேணாம்னு சார்தான் மறைச்சு வச்சாரு.”

பானுப்ரியா அலமாரியிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து விரித்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கம். குறிப்புக் கட்டத்தில், டெய்சி மறந்தே போயிருந்த அவளுடைய சொந்தக் கையெழுத்து:

‘சர்க்கரைக் குழாய் மஞ்சளான நாலு பேருக்கும் நோய் ரொம்பக் கடுமை. ஏன்?’