லிப்ட்காரரின் குதிரை

1

இந்தக் கதையை எழுத வைத்தது கோபம்தான். அதை மறைப்பானேன்? எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் நடந்த செஸ் ஆட்டத்தைப் பற்றி எங்கள் கட்டிடத்தில் மாடிக்கு ஒரு விதமாகப் பேசுகிறார்கள். இரண்டாம் மாடிப் பல் டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டு ராஜா நடு ரோட்டுக்கு வந்துட்டாராமே" என்று கேட்டார். அவருடைய இரும்புச் சாமான் என் வாய்க்குள் இருந்தது. பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"சதுரங்கம் அரசர்களின் ஆட்டம். எங்கள் குடும்பமும்—"

நிறுத்திவிட்டேன். நாங்கள் அரசர்கள் இல்லை. கீழ்த்தளத்தில் மருந்துக்கடை, அதற்கு மேல் வீடு. மருந்தைத் தவிர நாங்கள் எதையும் ஆண்டதில்லை.

பிறகு இப்படி:

"அன்று மட்டும் லிப்ட் பழுதாகியிருக்காவிட்டால்—"

இது சினிமா. அந்த லிப்ட் பழுதாகாத நாளைத்தான் தேட வேண்டும்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். கதையில் ஓர் அண்ணன், ஒரு தங்கை. இருவரும் என் தமையனாரின் பிள்ளைகள். நான் அவர்களுக்குச் சித்தப்பா. தமையனார் காலமான பிறகு வீட்டில் வயதில் மூத்தவன் நான். ஆனால் கடைசி வார்த்தை அண்ணனுடையது. அதுதான் முறை. கடையில் மருந்து கலப்பதும் டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பதும் தங்கை. அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. (எவ்வளவு தாண்டிவிட்டது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவள் இதைப் படிப்பாள்.)

2

எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த வீட்டுப் பெண்ணைக் கட்ட நினைப்பவர், வீட்டுத் தலைவரோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும். விருந்தாளிக்கு வெள்ளைக் காய். ஆட்டத்தின்போது பேச்சு கிடையாது. ஜெயிக்க வேண்டிய அவசியமில்லை; இந்தப் பெண்ணின் அக்காமாரைக் கட்டிய இருவருமே தோற்றவர்கள்தான். மனிதர் எப்படி ஆடுகிறார் என்றுதான் பார்ப்போம். மரியாதை காட்டுவதாக நினைத்துக்கொண்டு வேண்டுமென்றே தோற்பவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுவோம்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே தொடக்கம்: இத்தாலியத் தொடக்கம். தெரியாதவர்களுக்காக: இரு பக்கமும் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார்கள். ஆளுக்கொரு குதிரை வெளியே வரும். பிறகு வெள்ளை தன் மந்திரியைச் சாய்வாகக் கொண்டுவந்து, கறுப்பு ராஜாவின் பக்கத்தில் நிற்கும் ஒரு சிப்பாயைக் குறிவைக்கும். அந்தச் சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் கிடையாது. இவ்வளவுதான்.

தமையனார் இதன் மேல் ஒரு விதியை வைத்தார். நம் சிப்பாயை ஒருவன் அடித்தால் அடுத்த கையிலேயே திருப்பி அடித்துவிட வேண்டும், யோசித்துக்கொண்டு நின்றால் மரியாதை போய்விடும் என்பார். நான் அப்படித்தான் ஆடினேன். அண்ணனும் அப்படித்தான். இதை நான் பெருமையாகத்தான் எழுதுகிறேன். பின்னால் வரப்போவதை வைத்து நீங்கள் சிரிக்கக் கூடாது.

3

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். செஸ் வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் தாண்டினால் தங்கையைப் புரிந்துகொள்ள முடியாது.)

ஒரே தொடக்கம்தான், ஆனால் ஆளுக்கு ஆள் வேறாகத் தெரியும். புதிதாக ஆடுபவனுக்கு அது பூட்டாத வீடு. மந்திரி ஏற்கெனவே குறிவைத்திருக்கிற அந்தச் சிப்பாயின் மேல் குதிரையையும் ஏவிவிட்டால் போதும், உள்ளே புகுந்துவிடலாம் என்று அவனுக்குக் கை துடிக்கும். மற்றக் காய்கள் இன்னும் எழுந்தே இருக்காது. இவன் குதிரை எதிரி வாசலில் போய் நிற்கும்.

எங்களைப் போன்ற நடுத்தரங்களுக்கு அது நடைமுறை. இதற்கு இது, அதற்கு அது. நாங்கள் நகர்வுகளை ஒப்பிப்போம். ஏன் என்று யாராவது கேட்டால் கோபம் வரும்.

தங்கை ஆடும்போது பார்த்தால் தூக்கம் வரும். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுவாள். ஓரத்துச் சிப்பாயைக் கொஞ்சம் அசைப்பாள். ராஜாவைப் பத்திரமாக மூலையில் உட்கார வைப்பாள். எதுவும் நடக்காது. வெகுநேரம் கழித்து நமக்கு உட்கார இடமில்லாமல் போயிருக்கும். எப்போது போயிற்று என்று தெரியாது.

தமையனாரோடும் அவள் அப்படித்தான் ஆடினாள். அண்ணனோடும் அப்படித்தான். கொஞ்சம் ஜெயிப்பாள், கொஞ்சம் தோற்பாள். குதிரையை வாசலுக்கு விரட்டும் அந்தப் பச்சைப்பிள்ளை வேலையை அவள் ஒருநாளும் செய்ததில்லை. அது அவள் தரத்துக்குக் குறைவு என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

4

லிப்ட் பழுது பார்ப்பவரை எழுதுவதில்தான் எனக்குச் சிரமம்.

முதல் பிரதியில் அவரைக் கொஞ்சம் முரடராக எழுதினேன். கிரீஸ் படிந்த விரல்களால் எங்கள் வெள்ளை ராணியைத் தொடுவதாக. பொய். அன்று அவர் நகத்தின் ஓரம் சிவக்கும் அளவுக்குக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார். இரண்டாம் பிரதியில் அவரைப் பெரிய சாமர்த்தியசாலியாக ஆக்கினேன். அதுவும் இல்லை. அவர் லிப்டின் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "என்னன்னு தெரியல, திறந்து பாத்துடுவோம்" என்று சொல்லும் ஆள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதற்கு அவருக்குக் கூச்சமே கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லாததால், அவரைக் கதையில் எங்கே வைப்பது என்று எனக்குப் புரியவில்லை.

தங்கை ஒருமுறை இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். மேலே இருந்து அவர் கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தபடியே வேலை பார்த்திருக்கிறார். உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, போனில் செஸ் ஆடுகிறேன் என்றாளாம். தானும் ஆடுவதாகவும், குதிரையை மட்டும்தான் பிடிக்கும் என்றும் சொன்னாராம். அதற்குப் பிறகு எங்கள் லிப்ட் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதானது. (இதை நிரூபிக்க முடியாது.)

அண்ணனிடம் அவள் மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க சரின்னு சொல்லாட்டியும் நான் அவரைத்தான் கட்டிக்கப்போறேன். ஆனா நீங்க சொல்லணும், அண்ணா."

அண்ணன் செஸ் பலகையை எடுத்துத் துடைத்து வைத்தார்.

5

இனி ஆட்டம். இதைத் தங்கையின் மனதுக்குள்ளிருந்து சொல்லப்போகிறேன். அவள் மனது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவளை நான் தோளில் தூக்கி வளர்த்தவன்.

பலகைக்குப் பக்கவாட்டில், அண்ணனுக்கு அருகே அவள் நாற்காலி. லிப்ட்காரருக்கு அவள் எதையும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் அது ஏமாற்று. அவர் தோற்பார் என்று அவளுக்குத் தெரியும். நன்றாகத் தோற்க வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டுதல்.

சிப்பாய், சிப்பாய். குதிரை, குதிரை. வெள்ளை மந்திரி வந்தது. அண்ணன் இரண்டாவது குதிரையையும் இறக்கினார். லிப்ட்காரர் பலகையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், குதிரையைத் தூக்கி வாசலில் வைத்தார்.

தங்கைக்கு வேண்டாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி மந்திரியின் பார்வையை மறைப்பார். சரிதான். வெள்ளைச் சிப்பாய் அதை அடிக்கும். அதன் பிறகு—

அதன் பிறகு யோசித்துக்கொண்டு நிற்க மாட்டார்.

நிற்கவில்லை. தமையனாரின் பிள்ளை, முதுகை நிமிர்த்தி, குதிரையால் உடனே திருப்பி அடித்தார்.

(இந்த நகர்வை மாற்றி எழுதிப் பார்த்தேன். அண்ணன் இன்னொரு குதிரையைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோய் அந்த மந்திரியை மிரட்டுகிறார். புத்தகங்கள் சொல்லும் சரியான நகர்வு அதுதானாம். எழுதி முடித்ததும் பார்த்தேன்: கதையும் இல்லை, அண்ணனும் இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார். கிழித்துவிட்டேன்.)

லிப்ட்காரர் தன் குதிரையால் ராஜா மட்டுமே காவலிருந்த அந்தச் சிப்பாயை அடித்தார். குதிரை ஒரே நேரத்தில் ராணியையும் யானையையும் பார்த்தது. அதற்காகத்தான் அடித்தார், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் வேறு வழியில்லாமல் ராஜாவால் குதிரையை வெட்டினார். உடனே வெள்ளை ராணி வெளியே வந்து செக். செக் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் புதியவர்கள் விடமாட்டார்கள். முன்பு திருப்பி அடித்த கறுப்புக் குதிரையைக் காப்பாற்ற வேண்டுமானால், ராஜா தானே நடந்து பலகையின் நடுவுக்கு வந்து நிற்க வேண்டும்.

வந்து நின்றார். பல் டாக்டர் சொன்னது உண்மை. எழுதிவிட்டேன்.

6

லிப்ட்காரர் வெகுநேரம் பலகையைப் பார்த்தார். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"சார், இதுக்கு மேல எனக்குத் தெரியல. ஏதோ பெருசா நடந்திருக்குன்னு மட்டும் தெரியுது."

பேச்சு கூடாது என்ற வழக்கம் அங்கே உடைந்தது. நான் தொண்டையைக் கனைத்தேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவர் தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். நாற்பது வருடம் கூடப் பிறந்து வளர்ந்தவர். அந்த முகத்தை அவருக்குப் படிக்கத் தெரியும்.

"உடனே திருப்பி அடிச்சா இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"அப்பா இருக்கும்போதே."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"அப்பாகிட்ட யாருண்ணா சொல்றது?"

(இங்கே நான் சிரித்துவிட்டேன் என்று சிலர் சொல்கிறார்கள். இருமினேன்.)

அண்ணன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடங்களில் அவள் எத்தனை முறை எதிரே உட்கார்ந்திருப்பாள், எத்தனை முறை இந்தக் குதிரையை எடுக்காமல் வேறு காயைத் தொட்டிருப்பாள் என்று அவர் நினைத்துப் பார்ப்பது தெரிந்தது. அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்ப என்கிட்ட விட்டுக்கொடுத்து ஆடியிருக்க."

"விட்டெல்லாம் கொடுக்கல. அந்தப் பக்கம் மட்டும் போகல. அவ்வளவுதான்."

7

முடிவைப் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஒன்றில் அண்ணன் ராஜாவைப் படுக்கவைத்துவிட்டு எழுந்து போகிறார், வீடு இரண்டாகிறது. கண்ணீர் வரும்படி வந்திருந்தது. ஆனால் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. இன்னொன்றில் லிப்ட்காரர் பதற்றத்தில் தப்பாக ஆடி, அண்ணன் ஜெயித்து, பெரிய மனதோடு பெண்ணைக் கொடுக்கிறார். குடும்ப கௌரவத்துக்கு இதுதான் உத்தமம். இதைத்தான் வைத்திருப்பேன். தங்கை படித்துவிட்டு, கடையில் எனக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொடுத்தபடியே, "சித்தப்பா, இந்த அண்ணன் யாரு?" என்று கேட்டாள்.

ஆகவே நடந்ததை, நான் பார்த்தவரைக்கும், எழுதுகிறேன்.

அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தங்கையைப் பார்த்து எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

"இத்தனை நாள் எனக்காக ஆடினது போதும். நாற்காலியை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போய் உட்காரு. ரெண்டு பேருமாச் சேந்து எனக்கு எதிரா ஆடுங்க."

அவள் நாற்காலியைத் தூக்கவில்லை. தரையில் கிரீச்சென்று இழுத்துக்கொண்டே போனாள். லிப்ட்காரர் எழுந்து இடம் கொடுக்கப் பார்த்து, எங்கே நிற்பது என்று தெரியாமல், திரும்ப உட்கார்ந்தார். இப்போது அவள் பலகையை எங்கள் வீட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள். அவள் கண் உடனே இன்னும் இடத்தைவிட்டு எழாத இன்னொரு வெள்ளைக் குதிரைக்குப் போயிற்று. கை போகவில்லை.

"அண்ணா, அப்ப நீங்க சரின்னு..."

"ஆட்டம் நடக்குது. பேச்சு கிடையாது."

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். எங்கள் ராஜா நடுப் பலகையில் துரத்தப்படுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு முறையாகப் படவில்லை. உள்ளே காய்கள் நகர்ந்தன. யாரோ சிரித்தார்கள். மூவரையும் தனித்தனியே கேட்டுவிட்டேன். ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள், மூவரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

யார் ஜெயித்தார்கள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது சின்ன விஷயம். அவள் கேட்ட அந்தச் சொல்லை அண்ணன் வாய்திறந்து சொன்னாரா என்பதுதான் கதை. அதை நான் எழுத மாட்டேன். வீட்டுத் தலைவர் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சித்தப்பா எழுதிக்கொடுப்பது முறையில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி முதுகு வளையாத ஓர் அண்ணன் இருப்பார். அவரை அந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். எதிரே அவர் தங்கையை, அவள் பக்கத்தில் ஒரு லிப்ட்காரரை. இப்போது அவர் வாயில் வைத்து, "ஆடுங்க, மாப்பிள்ளை" என்று சொல்லிப் பாருங்கள்.

வருகிறதா? வந்தால் கதை முடிந்தது. வராவிட்டால் அவசரமில்லை. வெள்ளைதான் ஆட வேண்டும்.