இருபத்து நான்காம் சூழ்நிலை

காலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு விடை தேடி மதங்களும் தத்துவங்களும் ஓய்ந்துவிட்டன. அமெரிக்காவில், பால்டிமோருக்கு வடக்கே, லக்ரோஸ் என்ற பந்தாட்டத்துக்கான எங்கள் நடுவர் சங்கம் ஓயவில்லை. விடையை இருபத்து மூன்று சூழ்நிலைகளாகப் பிரித்து, பள்ளிக்கூட நகல் இயந்திரத்தில் அச்சடித்து, மூலையில் பின் குத்தி ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தது. ஏழாம் பக்கம் தலைகீழாக இருக்கும்.

தொகுத்தவர் ஆரின் சாட்டர்ஃபீல்ட். பல் மருத்துவர்களுக்கு நாற்காலி விற்று ஓய்வு பெற்றவர்; சங்கத்தின் தலைவர், தலைமை விதி விளக்குநர். இரண்டாவது பட்டத்தைத் தன் சட்டைப்பையின் மேல் தானே தைக்கக் கொடுத்து வாங்கியிருந்தார்.

விதி சின்னதுதான். நுனியில் வலை கட்டிய வலைக்கோலில் பந்தை வைத்துக்கொண்டு, எதிரணியின் கோல் கம்பத்தை நோக்கிப் போகாமல் ஓரத்தில் நின்று நேரத்தைக் கடத்தும் அணியை நடுவர் எச்சரிக்கலாம். "உள்ள கொண்டு போ, உள்ளயே வை" என்று கத்த வேண்டும். அதற்குப் பிறகு கோலைச் சுற்றிக் கோடு போட்ட பெட்டிக்குள் பந்து போயாக வேண்டும், அங்கேயே இருக்கவும் வேண்டும். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. கடைசி இரண்டு நிமிடத்தில் முன்னிலையில் இருக்கும் அணிக்கு இது தானாகவே பொருந்தும். மற்ற நேரமெல்லாம் நடுவரின் மனம்தான். அந்த மனம் எப்படி ஓட வேண்டும் என்பதற்குத்தான் இருபத்து மூன்று சூழ்நிலைகள்.

பதினான்காம் சூழ்நிலை இது: எதிரணித் தடுப்பாளர்கள் கோல் முன்னாலேயே குவிந்து நின்று, பந்தைப் பறிக்க வெளியே வராவிட்டால், பந்து வைத்திருப்பவன் நிற்பது இழுத்தடிப்பு ஆகாது.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம், ஏழுக்கு ஏழு என்ற சமநிலையில், மூன்று நிமிடம் பத்து நொடி பாக்கி இருக்கையில் கோல்பி ரென்ஷா ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தோடு நின்றான். பதினேழு வயது. எதிரணியில் ஒருவன்கூட வெளியே வரவில்லை. எச்சரிக்கைக் குரல் கேட்டது. பையன் உள்ளே ஓடினான். நீளமான வலைக்கோல் வைத்த தடுப்பாளர் இருவர் இரண்டு பக்கமும் நெருக்க, தலையைக் குனிந்துகொண்டு இடையில் நுழைந்தான். மோதல் விதிப்படி சரியானது. விழுந்த பையனுக்கு அதன் பிறகு கால்கள் அசையவில்லை.

அன்று நேரம் பார்க்கும் மேசையில் இருந்தது நான். கடிகாரத்தை நிறுத்தினேன். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் மைதானத்தின் நடுவிலேயே இறங்கியது.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மதியம், தீயணைப்பு நிலைய மண்டபத்தில் விசாரணை வைத்தோம். ஒரு மூலையில் காபியும், கரியில் சுட்ட மாட்டிறைச்சி வைத்த ரொட்டியும் இருந்தன. விசாரணைக் குழுவுக்குத் தலைவர் சாட்டர்ஃபீல்ட். அந்த ஆட்டத்தின் இரண்டு நடுவர்களில் மூத்தவரும் சாட்டர்ஃபீல்ட்தான். இதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. சங்கத்தின் துணைவிதி எழுதியதும் அவரே.

பையனின் அம்மா நொரீன் ரென்ஷா முன்வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்," என்றார். "என் பையன் கூரையைப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடக்கான். 'நான் நேரத்தைக் கடத்தினேன்மா, அதான் கத்துனாங்க, என் தப்புதான்'னு சொல்றான். தெனமும் சொல்றான். அவன் கடத்தினானா இல்லையா? அதைச் சொல்லுங்க, நான் போயிடறேன்."

"மேடம், அதுக்குத்தான் வர்றோம்," என்றார் சாட்டர்ஃபீல்ட். "முறையா வரணும் இல்லையா."

முறை ஒன்பதாம் சூழ்நிலையில் தொடங்கியது. இரும்புப் பலகையில் ஆட்டக்காரர்களுக்குப் பதிலாகக் காந்தப் பொத்தான்களை ஒட்டினார். எச்சரிக்கை வாங்கிய அணி கோலை விட்டு விலகிப் போகும்படி ஒரு பந்தை எறிகிறது. பின்கோட்டருகே அவர்கள் ஆளே காத்து நிற்கிறான். பந்து வெளியே போகிறது. கோலுக்கு எறிந்த பந்து வெளியே போனால், அதற்கு மிக அருகில் இருந்தவனின் அணிக்குத்தான் அது; இருந்தவன் அவன்தான், ஆகவே பந்து மறுபடி அவர்களுக்கே. இது கோலுக்கு எறிந்ததா, தோழனுக்குத் தள்ளியதா?

"எறிஞ்சவன் மனசுல என்ன இருந்துச்சுன்னு பாக்கணும்," என்றார் குழுவில் ஒருவர்.

"வீட்ல பொண்டாட்டி மனசுல என்ன இருக்குன்னே உனக்குத் தெரியல," என்றார் கஸ் பியெட்ரோவ்ஸ்கி. முப்பது வருட நடுவர். முழங்கால் இரண்டும் போய், இப்போது வாய் மட்டும் வேலை செய்கிறது.

இதற்கு இருபத்தைந்து நிமிடம். பொத்தான் ஒன்று கீழே விழுந்து மேசைக்கடியில் உருண்டது. அதை நொரீன் எடுத்துக் கொடுத்தார். "நன்றி மேடம்" என்று வாங்கி, தடுப்பாளன் இடத்தில் ஒட்டினார் சாட்டர்ஃபீல்ட்.

"சார், அன்னைக்கு எறியவே இல்ல," என்றார் நொரீன். "அவன் நின்னான். அவ்வளவுதான்."

அப்போதுதான் அந்த ஆட்டத்தின் இன்னொரு நடுவரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். லைல் டெக்கல்மன், தபால்காரர். அன்று எச்சரிக்கையைக் கத்தியது அவர்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கோல் பக்கம் நிற்கும் மூத்தவர் கையைத் தூக்கினால், பந்துக்குப் பக்கத்தில் நிற்பவர் கத்த வேண்டும். ஏன் என்று மைதானத்தில் கேட்கக்கூடாது. மைதானத்துக்கு வெளியேயும் கேட்பதில்லை. வெளியாள் முன் 'அவர்' என்ற சொல்லே வரக்கூடாது. எல்லாம் 'நாங்கள்'.

"எச்சரிக்கை யார் கொடுத்தது?" என்று கேட்டார் சாட்டர்ஃபீல்ட், அன்று கையைத் தூக்கியவர்.

லைல் அவரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நாங்க கொடுத்தோம்."

"பையன் நேரத்தைக் கடத்தினதா நெனச்சீங்களா, லைல்?" என்றார் நொரீன்.

"நாங்க... அப்படி முடிவு பண்ணோம், மேடம்." கையிலிருந்த காபிக் கோப்பையை அவர் நசுக்கிவிட்டிருந்தார், காபி சட்டைக் கைக்குள் ஓடியது. துடைக்கவில்லை.

"பதினாலை யாராவது படிங்கப்பா," என்றார் கஸ். "எழுதினவருக்கு மறந்துபோச்சு போல."

சாட்டர்ஃபீல்ட் புன்னகைத்தார். பெட்டியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வரிசை வரிசையாக அனுப்பினார். இயந்திரச் சூடு இன்னும் இருந்தது. இருபத்து நான்காம் சூழ்நிலை: ஆட்டம் சமநிலையில் இருந்து, ஏறக்குறைய மூன்று நிமிடம் எஞ்சி, தடுப்பாளர்கள் கோல் முன் குவிந்து நிற்க, பந்து வைத்திருப்பவன் ஓரக்கோட்டருகே நின்றால், அது இழுத்தடிப்பு, பதினான்காம் சூழ்நிலை இதற்குப் பொருந்தாது.

"இது ரொம்ப நாளாவே நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச நடைமுறைதான்," என்றார். "எழுத்துல இல்லாம இருந்துச்சு. அவ்வளவுதான்."

"பையன் பேரையும் போட்டிருக்கலாமே ஆரின்," என்றார் கஸ்.

என்னையும் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். எச்சரிக்கை கொடுத்த நேரம் என்ன என்று மட்டும் கேட்டார்கள். மூன்று பத்து என்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன்.

வாக்கெடுப்பில் கைகள் உயர்ந்தன. கஸ்ஸின் கையும் பாதி உயர்ந்தது. தோள்பட்டை வலி என்று பிறகு சொன்னார். என் கையும் உயர்ந்தது. எச்சரிக்கை சரி. ஆட்டக்காரன் நேரத்தைக் கடத்தினான். குடும்பத்துக்குச் சங்கத்தின் ஆழ்ந்த வருத்தம். சாட்டர்ஃபீல்ட் தீர்ப்பை நின்றுகொண்டே வாசித்தார்; 'வருத்தம்' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றினார்.

நொரீன் அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இதை அவன்கிட்ட படிச்சுக் காட்டணுமா?" என்று பொதுவாகக் கேட்டார். மூலையில் ரொட்டித் தட்டின் மூடியைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் நொரீன் என்னைப் பிடித்தார். மழை தூறியது. லைல் தன் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானே மேசையில இருந்தது?"

"ஆமாங்க."

"உள்ள கை தூக்கினீங்க. பாத்தேன்."

"தூக்கினேன்."

"இங்க யாரும் இல்ல. என் பையன் தப்பு பண்ணானா?"

"இல்லைங்க. பண்ணல. நின்னது சரிதான். புத்தகத்துலயே இருக்கு."

அவர் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "இதை எழுதிக் கொடுப்பீங்களா? உங்க பேரு போட்டு. அவன்கிட்ட காட்டறதுக்கு."

சட்டைப்பையில் இருந்த ஆட்டக்குறிப்புத் தாளின் பின்பக்கத்தில், வண்டியின் கூரைமேல் வைத்து எழுதினேன். பேனா மழையில் சரியாகப் பிடிக்கவில்லை. கையெழுத்தும் போட்டேன்.

வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப அன்னைக்கு மைதானத்துல ஏன் கை தூக்கினார் உங்க தலைவர்? நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்," என்று கேட்டார். "அவருக்குத் தெரியாத விதியா? ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கணுமே."

இருந்தது. அதையும் சொன்னேன். சமநிலையில் முடிந்தால் கூடுதல் நேரம் ஆட வேண்டும்; யாராவது உள்ளே போய் ஒரு கோல் போட்டால்தான் அது வராது. கடைசி இடைவேளையில் சாட்டர்ஃபீல்ட் மேசைக்கு வந்து, கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். காவலாளி பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். சாட்டர்ஃபீல்டுக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது.