சுப்புத்தாய் விட்ட முப்பதடி

1

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், என் மக்களே. ஓரத்தில் நின்றால் என் குரல் எட்டாது. எழுத்திலும் எனக்குச் சின்னக் குரல்தான். உங்களுக்கு ஒரு கதை சொல்லப் போகிறேன். முடிவு வரைக்கும் சொல்லிவிடுவேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். உள்ளதைச் சொல்வேன்.

இது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே நாங்கள் குடியிருக்கிற தெருவில் ஒரு காலி மனை. முப்பதடி அகலம். வீடு வீடாக ஒட்டிக்கொண்டு வரும் தெரு அந்த இடத்தில் மட்டும் விட்டுப்போய், அப்புறம் மறுபடி வீடாகத் தொடங்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும், இம்புட்டு எடத்த ஏன் சும்மா போட்டிருக்கீக என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, பதில் நீண்டு, ஒருநாள் கதையாகிவிட்டது.

வந்த தீயைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம். இது வராத தீயைப் பற்றியது. அதனால்தான் இத்தனை நாள் தடுமாறினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஐம்பத்தேழாம் வருசம் ஆடி மாதம், மேல்காற்று ஊளையிட்ட ஒரு மத்தியானத்தில், மேற்குக் கோடிக் கூரையொன்றில்—"

நிறுத்திவிட்டேன். தீயை முன்னால் வைத்தால் உங்கள் கண் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் நான் என்ன சொன்னாலும் காதில் ஏறாது.

இரண்டாவது தொடக்கம்:

"செல்வநாயகம் என்று ஒரு மேஸ்திரி இருந்தார். அவரைப் போல நல்ல மனுசர்—"

இதுவும் சரியில்லை. அவர் நல்லவர்தான், ஆனால் முன்கோபி. மண் குழைப்பதில் ஒரு கை தண்ணீர் கூடினால் சட்டியை எட்டி உதைப்பார். அவரைப் புனிதராக்கிவிட்டால் கல்லறையில் இருந்துகொண்டே என்னைத் திட்டுவார்.

ஆகவே தீயை நாலு வரியில் முடிக்கிறேன். ஒரே வரிசையில் நாற்பத்தொரு வீடு. எல்லாம் பனையோலைக் கூரை. ஒரு வீட்டு இறவாரம் அடுத்த வீட்டின் மேல் சாய்ந்திருக்கும். எல்லா வீட்டிலும் பெண்கள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். உலை கொதிக்கிற நேரத்துக்குள் மேற்கிலிருந்து கிழக்குவரை போய்விட்டது. மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருவர் பெத்தணன், சுப்புத்தாயின் புருசன், காய்ச்சலோடு படுத்திருந்தவர்.

(யார் வீட்டில் பிடித்தது என்று கேட்காதீர்கள். நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அப்புறம் சேர்ந்து குடியிருந்திருக்க முடியாது.)

3

செல்வநாயகம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஷெட் கட்டிக் கொடுத்தவர். மிஷன் காம்பவுண்டில் குடியிருந்தார். தீ அணைந்த மூன்றாம் நாள் வந்தார். ஆறுதல் சொல்லவில்லை. நீளக் கயிறு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அளந்தார். பிறகு, சாம்பலில் உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

"வெடிக்கு விட்டிருக்க எடத்த மனுசனுக்கு விடலயே."

அதற்கு முன் அதை யாரும் யோசித்ததில்லை. கம்பெனிக்குள் ஷெட்டுகள் தள்ளித் தள்ளி நிற்கும். ஒன்று வெடித்தால் அடுத்ததற்குப் போகக்கூடாது என்பதற்காக நடுவில் வெறுந்தரை. ஒவ்வொரு ஷெட்டுக்கும் எதிரெதிராக இரண்டு வாசல், வெளிப்பக்கம் திறக்கிற கதவு. பகலெல்லாம் அந்த ஒழுங்குக்குள் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஓலையோடு ஓலை உரசுகிற இடத்துக்கு எங்களில் கம்பெனிக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள்.

எங்கள் தெரு அய்யாதுரைக்குச் சாவு வீட்டிலும் வாய் சும்மா இருக்காது.

"எங்களையும் பட்டாசுன்னு நெனச்சுட்டீகளா அண்ணாச்சி?"

"பட்டாசா இருந்தா எப்பவோ எடம் விட்டுருப்பாகளே" என்றார் அவர். அன்றுதான் தீக்குப் பிறகு முதல் தடவையாக யாரோ சிரித்தார்கள். நானாகத்தான் இருக்கும்.

நிவாரணமாகத் தகரம் கொடுப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றார் மேஸ்திரி. நம்ம வெயிலுக்குத் தகரத்தின் கீழ் படுப்பதும் அடுப்பில் படுப்பதும் ஒன்றுதான். வறண்டு கிடந்த கண்மாயில் மண் வெட்டச் சொன்னார். வெட்டின மண் சுவருக்கு. வெட்டின பள்ளம் மழைத் தண்ணீருக்கு. கூரைக்குக் குயவர் சூளையில் வெந்த நாட்டு ஓடு. சுவரில் சுண்ணாம்பு. வாசலும் புழக்கடைக் கதவும் நேருக்கு நேர். ஓடுவதற்கு வழியும் ஆயிற்று, காற்று வர வழியும் ஆயிற்று.

[பின்கதவில் சாமான் அடுக்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வெள்ளை வேட்டியோடு வந்து, ஒவ்வொரு வீட்டுப் பின்கதவையும் வெளியிலிருந்து இழுத்துப் பார்ப்பார். திறக்காத வீட்டுக்காரிக்கு அன்று பிரசங்கம் இரண்டு தடவை.]

தெருவின் குறுக்கே மூன்று இடத்தில் வெறுந்தரை விட வேண்டும் என்று கேட்டார். மூன்று விட்டால் எத்தனை குடும்பம் வெளியே போக வேண்டும் என்று கணக்குப் பார்த்து, முடியாது என்றோம். கடைசியில் ஒன்றுதான் கிடைத்தது. தெருவின் நடுவில், சுப்புத்தாயின் குடிசையும் ஆட்டுத்தொழுவும் இருந்த மனை. அதற்கு ஈடாக அவளுக்குக் கிழக்கே பாறைமேட்டில் ஒரு துண்டு இடம்.

அவளிடம் கேட்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். அவள் வெகுநேரம் கரிந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு போன எடத்துல ஒல வைக்க எனக்கும் மனசில்ல. காலியாவே கெடக்கட்டும். நாளைக்கு நானே வந்து கேட்டாலும் குடுக்காதீக."

(இந்தக் கடைசி வாக்கியத்தை நான்தான் சேர்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அது இருந்தால் பின்னால் நடந்ததில் எங்கள் பங்கு குறைந்துபோகும். ஆகவே அதை எடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'காலியாவே கெடக்கட்டும்' என்பதோடு அவள் பேச்சு முடிந்தது.)

4

அடுத்த ஐந்து வருசம் ஒன்றும் நடக்கவில்லை. கதைக்காரிக்கு இது பெரிய சங்கடம்; தெருவுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. காலி மனையில் ஆறு வேப்பங்கன்று வைத்தோம். பாறைமேட்டிலிருந்து தினமும் காலையில் சுப்புத்தாய் பாத்திரம் கழுவின தண்ணீரைச் சுமந்துவந்து ஊற்றுவாள். வெயில் காலத்தில் பெட்டிகளை அங்கே பரப்பிக் காயவைப்போம். ஆடி பிறந்து காற்று ஊளையிடத் தொடங்கினால், எதற்கும் ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வோம்.

காலி மனைக்கு அடுத்த கிழக்கு வீடு என்னுடையது. மேல்காற்று தீயைத் தூக்கி வந்தால் முதலில் நிற்கிற சுவர் என் சுவர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

5

அறுபத்து மூன்று, மாசி மாதம். சுப்புத்தாயின் மகள் பாலம்மாள், சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண், ஆறு மாதக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். புருசன் வேறொருத்தியை வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டானாம்.

பாறைமேட்டு வீடு ஒரே அறை. அதில் சுப்புத்தாய், அவள் மகன், மருமகள், நாலு பிள்ளைகள். பாலம்மாள் பதினைந்து நாள் வெளியே பாறையில் பாய் விரித்துப் பிள்ளையோடு படுத்தாள். பிறகு தெருவுக்கு வந்து கேட்டாள். அப்பன் மனையின் ஓரத்தில் எட்டடிக்கு எட்டடி. நாலு கம்பு, மேலே ஓலை. பெட்டி ஒட்டிப் பிழைத்துக்கொள்வாள். ஓடு வாங்க வழி வந்ததும் ஓலையை மாற்றிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் கூடினோம். மேஸ்திரியிடம் கேட்டார்கள். முன்கோபி அன்றைக்குக் கோபப்படவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. சுப்புத்தாயைப் பார்த்துச் சொன்னார்:

"முப்பதுல எட்டுப் போனா இருபத்திரண்டு. பொறி இருபத்திரண்டு தாண்டுமா, முப்பது தாண்டாதான்னு எனக்குத் தெரியாது தாயி. கம்பெனில இதவிடக் கூடத்தான் விடுவோம். இங்கன முப்பதுன்னு சொன்னதே ஒம் மனை முப்பது இருந்ததாலதான்."

இத்தனை வருசம் வேதம் மாதிரி நாங்கள் நம்பியிருந்த எண் அது.

ஆளாளுக்குப் பேசினார்கள். ஓலை கூடவே கூடாது என்றார் ஒருவர். இன்றைக்கு ஒன்று விட்டால் நாளைக்கு ஐந்து முளைக்கும் என்றார் அய்யாதுரை. அன்று அவர் கேலி பேசவில்லை. நானும் பேசினேன். பாவம்தான், ஆனால் காற்று என் பக்கமல்லவா வருகிறது என்றேன். எல்லாம் பேசி முடித்து, உங்க மனை, நீங்களே சொல்லுங்க என்று சுப்புத்தாயின் தலையில் இறக்கிவைத்தோம்.

பாலம்மாள் தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"எம்மா, எட்டடிதான கேக்கேன்."

"நீ எட்டடி கேப்ப. ஒனக்குப் பொறத்தால இன்னொருத்தி வந்து நிப்பா. அவளுக்கு என்னன்னு சொல்ல?"

"செத்த அப்பனுக்கு முப்பதடி. உசுரோட நிக்கிற எனக்கு எட்டடி கெடையாது. அப்படித்தான?"

சுப்புத்தாய் பேரப்பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள். பாலம்மாள் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை விருதுநகருக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டாள். பருப்பு உடைக்கிற மில் ஒன்றில் வேலை என்று பிறகு கேள்விப்பட்டோம். சுப்புத்தாய் அன்றும் தண்ணீர் சுமந்து வந்தாள். ஐந்து கன்றுக்கு ஊற்றினாள். ஆறாவதுக்கு ஊற்றாமல் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

6

(இந்த எண்ணுக்குக் கீழே ஒரு தீ வந்திருக்க வேண்டும். வரவில்லை. எழுத ஒன்றும் இல்லை, இடம் விட்டிருக்கிறேன்.)

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

முதல் முடிவு: அறுபத்தைந்து ஆடியில் மேற்குப் பாதி பற்றிக்கொள்கிறது. முப்பதடி வெறுந்தரையில் தீ மண்டியிடுகிறது. கிழக்குப் பாதி தப்புகிறது. சேதி கேட்டுப் பாலம்மாள் ஓடி வந்து தாயின் காலில்— கிழித்துப் போட்டேன். அப்படி ஒரு தீ வரவே இல்லை. எட்டடி கொடுத்திருந்தாலும் வந்திருக்காது என்பதுதான் இதில் பொறுக்க முடியாதது. வராத தீக்கு யார் சாட்சி சொல்வார்கள்? சுப்புத்தாய் சாகிறவரைக்கும் தான் செய்தது சரியா என்று அவளுக்குத் தெரியாது. அறுபத்தேழில் போய்விட்டாள்.

இரண்டாவது முடிவு: பாலம்மாள் போய்ச் சேர்ந்த இடமும் ஓலைக் குடிசைகள் ஒட்டி நிற்கிற வரிசைதான். அங்கே ஒருநாள்— இதற்கு மேல் என் பேனா போகவில்லை. தாயின் சாவுக்கு அவள் வரவில்லை. சேதி போய்ச் சேர்ந்ததா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தீயை வைத்தால் நான் எழுதுகிற தீயில் அந்தப் பிள்ளை வேகும். ஒரு கதை உருக்கமாக முடிவதற்காக நான் அதைச் செய்ய மாட்டேன்.

மூன்றாவது முடிவு: அவள் பிள்ளை வளர்ந்து வந்து தாத்தன் மனையில் ஓட்டு வீடு கட்டுகிறான். எல்லாரும் கூடிப் பாயசம் குடிக்கிறோம். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. குற்றவாளி தனக்குத் தானே பந்தி விளம்புகிற மாதிரி.

[எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பெட்டியில் லேபிள் ஒட்டி ஒட்டித்தான் எழுத்துப் படித்தேன். லேபிளில் இருப்பது ஒன்றிரண்டு வார்த்தைதான். பெரிய முடிவெல்லாம் எனக்கு எழுத வராததற்கு அது காரணமாக இருக்கலாம். அல்லது அடுத்த பகுதியில் நான் சொல்லப்போவது காரணமாக இருக்கலாம்.]

8

பல வருசம் இந்தக் கதையை, காலி மனையைக் கொடுப்பதா வேண்டாமா என்ற கதையாகத்தான் சொல்லிவந்தேன். கேட்டவர்களும் அப்படியே கேட்டார்கள். சிலர் தாய் பக்கம், சிலர் மகள் பக்கம்.

போன மழைக்காலத்தில் வீட்டைக் கூட்டும்போது கை நின்றுவிட்டது. பாலம்மாள் வந்து கேட்டபோது என் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் இரண்டே பேர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அறையின் ஒரு பாதியில் நாங்கள் படுப்போம். மறுபாதியில் பெட்டிக்கான மரச்சீவல் கட்டுகளை அடுக்கியிருந்தோம். அந்த மறுபாதியை இப்போது அளந்து பார்த்தேன். எட்டடிக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது.

கிணற்றடியில் அன்று எத்தனை பேர் நின்றோம். எல்லாரும் அந்த முப்பதடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்காக ஒருத்தி காலியாக விட்ட இடத்தில் அவள் மகளுக்குப் பங்கு உண்டா என்று வாதாடினோம். என்னோடு வந்து இரும்மா என்று ஒரு வாய் சொல்லவில்லை. மறுத்துவிடவில்லை, மக்களே, அந்த நினைப்பே வரவில்லை. சுவரும் கூரையும் கதவும் எப்படி இருக்க வேண்டும் என்று மேஸ்திரி கற்றுக்கொடுத்தார். இதைக் கற்றுக்கொடுப்பது அவர் வேலையா? நாற்பது வீட்டுக்கும் இரண்டிரண்டு கதவு இருந்தது.

ஆகவே முடிவை நான் எழுதவில்லை, உங்களிடம் கொடுக்கிறேன். கிணற்றடியிலிருந்து தொடங்குங்கள். பாலம்மாள் தன் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடக்கிறாள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் அவள் பின்னால் போகிறாள். என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதை நீங்கள் எழுதுங்கள். எனக்கு அந்த வார்த்தை காலத்தில் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு உங்கள் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். என் பெயர் வேண்டாம்.

நேரமாயிற்று, போய்வாருங்கள். உங்கள் கூரை வெயிலுக்குக் குளிர்ந்து மழைக்கு ஒழுகாமல் நிற்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்குப் புகை என்றால் அடுப்புப் புகை மட்டுமே தெரிந்திருக்கட்டும். உங்கள் வீட்டில் எத்தனை பேர் படுத்தாலும் இன்னும் ஒரு பாய் விரிக்க இடம் மிஞ்சட்டும். அதில் படுக்க ஒருத்தி வரும்போது, அவளைப் பார்க்கிற கண்ணையும் ஆண்டவன் உங்களுக்குத் தரட்டும்.